எங்கள் வீட்டு ஹெரால்டு

மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

பாடியிலிருந்து ஆவடிக்குப் போகும் பேருந்தில் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தால், நிறுத்தங்களின் பெயர்களைக் கொண்டே பாதி மோட்டார் வண்டியைப் பூட்டிவிடலாம். "லூகாஸ்" என்பார் நடத்துநர், அது மின்கருவி. "டன்லப்" என்பார், அது டயர். "டி.ஐ. சைக்கிள்" என்பார், அது நம்மில் பலர் முதன்முதலில் ஓட்டிய வாகனம். இவற்றுள் டன்லப் ஆலையில் டயர் வார்ப்பது நின்று வெகுநாள் ஆகிறது. நிறுத்தத்தின் பெயர் மட்டும் நிற்கிறது.

1960களின் தொடக்கத்தில் பாடியில் லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் என்று தொழிற்சாலைகள் அடுத்தடுத்து எழுந்தன. அதே பத்தாண்டில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் தோன்றியது. ஆவடியிலோ 1965ஆம் ஆண்டு முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. இந்த வட்டாரத்தில் வீட்டுக்கு ஒருவர் கடைசலோ, வார்ப்போ, பற்றவைப்போ தெரிந்தவராக இருந்தது வியப்பன்று. என் பெரியப்பாவும் தொழிற்பேட்டையில் டர்னராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் வீட்டுப் பழைய கார் இன்றும் ஓடுகிறது என்றால் அதற்கு அவர் கைதான் காரணம். அவரிடம் கற்றவற்றையும், அவற்றுக்கு நம் வகுப்பறைப் பாடத்தில் எனக்குக் கிடைத்த விளக்கங்களையும் இங்கே சொல்ல விழைகிறேன். வீட்டில் பழைய அம்பாசிடரோ பத்மினியோ வைத்திருக்கும் நண்பர்களுக்கும் இவற்றில் பெரும்பகுதி பொருந்தும்.

எங்கள் கார் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1970ஆம் ஆண்டு வண்டி. தாத்தா அதைப் பழையதாகவே வாங்கினார். இங்கிலாந்தில் 1959இல் டிரையம்ஃப் ஹெரால்டு என்ற பெயரில் வெளிவந்த காரை, 1961 முதல் நம் சென்னையை அடுத்த பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் கட்டத் தொடங்கியது. உருவத்தை வரைந்தவர் ஜியோவன்னி மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். என்ஜின் 948 சி.சி. அந்நாளில் இந்தியச் சாலைகளில் அம்பாசிடர், ஃபியட், ஹெரால்டு என்று மூன்றே கார்கள். மூன்றில் ஒன்று நம் ஊருக்குரியது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. ஹெரால்டுக்குப் பின் 1972இல் கஸல் வந்தது. 1985இல் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய கார் வந்தது. அது எடுபடவில்லை. 1980களின் இறுதியில் உற்பத்தி நின்றுபோனது. ஆகவே ஹெரால்டுக்கு உதிரி பாகம் வேண்டும் என்று கேட்கப் போவதற்குத் தொழிற்சாலை என்று ஒன்று இன்று இல்லை.

வீட்டிலேயே பழுதுபார்க்க இதைவிட வசதியான கார் இல்லை என்பது பெரியப்பாவின் கட்சி. நானும் அந்தக் கட்சிதான். இதற்குத் தனியாக ஒரு சேஸிஸ் உண்டு. மேலே உள்ள பாடி, துண்டு துண்டாகப் போல்ட் போட்டு இணைத்தது. பானட்டைத் தூக்கினால் மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து முன்பக்கம் முழுவதுமே முதலை வாய் போல முன்னோக்கித் திறந்துகொள்ளும். முன் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு என்ஜின் வேலை பார்க்கலாம். சுமார் 25 அடி விட்டத்தில் திரும்பிவிடும் வண்டி. எங்கள் தெரு முனையில் அது எவ்வளவு பெரிய வரம் என்பது எங்கள் தெருவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

வேலைக்கு முன் ஓர் எச்சரிக்கை. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் ஒருபோதும் போகக் கூடாது. ஜாக்கி தூக்குவதற்கே அன்றித் தாங்குவதற்கு அன்று. தூக்கிய பின் இரும்பு ஸ்டாண்டையோ கெட்டியான மரக்கட்டையையோ சேஸிஸுக்கு அடியில் கொடுக்க வேண்டும். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் உதவா. அவை முன்னறிவிப்பின்றி நொறுங்கும். பேட்டரியைக் கழற்றி மாட்டும்போது எந்த முனை பாடியோடு சேர்ந்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அக்காலத்து பிரிட்டிஷ் வழி வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ் முனைதான் பாடியில் இருக்கும். இன்றைய பழக்கத்தில் மாற்றிக் கொடுத்துவிட்டால் டைனமோவுக்கும் கட்அவுட்டுக்கும் கேடு.

இனி பற்றவைப்பு. நம் ஆய்வகத்தில் உள்ள தூண்டு சுருள் என்ன செய்கிறதோ அதையேதான் காரின் இக்னிஷன் காயில் செய்கிறது. பேட்டரியின் 12 வோல்ட் முதல் சுற்றில் பாய்கிறது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட் திறந்ததும் மின்னோட்டம் அறுபட்டுக் காந்தப்புலம் சட்டென்று சரிகிறது. இரண்டாம் சுற்றில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழுந்து பிளக்கில் பொறியாகப் பாய்கிறது. நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும் நான்கு சிலிண்டர் என்ஜினில் இந்தப் பாயிண்ட் நொடிக்கு நூறு முறை திறந்து மூடுகிறது. தேயாமல் என்ன செய்யும்? இடைவெளி 0.015 அங்குலம் இருக்க வேண்டும், பிளக்கில் 0.025 அங்குலம். ஃபீலர் கேஜ் ஒன்று வாங்கிக்கொள்வது நலம். வழியில் அவசரமென்றால் ஹாக்ஸா பிளேடின் தடிமன் பிளக் இடைவெளிக்கு ஏறத்தாழச் சரியாக இருக்கும். பாயிண்டின் இரு முகங்களும் கருகிப் போயிருந்தால் கண்டென்சரையும் ஐயுற வேண்டும். பாயிண்ட் திறக்கும்போது அங்கேயே பொறி பறக்காமல் தடுப்பது அதன் வேலை. இதற்கெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை போதும். வண்டி தள்ளினாலும் கிளம்பவில்லை என்று என்னிடம் வந்தவர்களில் பாதிப் பேருக்குப் பாயிண்டைத் துடைத்துக் கொடுத்ததே போதுமாக இருந்தது.

டாப்பெட் வேலை இதைவிடச் சுவையானது. வால்வுத் தண்டு சூட்டில் நீளும் என்பதால், குளிர்ந்த நிலையில் ராக்கருக்கும் வால்வுக்கும் இடையே 0.010 அங்குலம் இடம் விடுகிறார்கள். எட்டு வால்வுகளையும் சரிபார்க்க ஒரு கணக்கு உண்டு. முன்னிருந்து ஒன்று முதல் எட்டு வரை எண்ணிக்கொள்ளுங்கள். ஒன்றாம் வால்வு முழுதும் அழுந்தி நிற்கும்போது எட்டாம் வால்வைச் சரிசெய்யுங்கள். மூன்று அழுந்தினால் ஆறு. ஐந்து அழுந்தினால் நான்கு. கூட்டினால் எப்போதும் ஒன்பது வர வேண்டும். ஒன்றாம் சிலிண்டரும் நான்காம் சிலிண்டரும் ஒரே நேரத்தில் மேலேறிக் கீழிறங்கினாலும் ஒரு முழுச் சுற்று முன்பின்னாகவே வேலை செய்கின்றன. அதனால் ஒன்றில் வால்வு திறந்திருக்கும்போது மற்றதன் இணை வால்வு உறுதியாக மூடியிருக்கும். பெரியப்பா இந்தக் கணக்கை யாரிடமோ வாய்மொழியாகக் கற்றவர். ஏன் ஒன்பது என்று காகிதத்தில் வரைந்து காட்டியபோது அவருக்கு ஒரே மகிழ்ச்சி.

ஆனால் பழைய காலத்தைவிட இன்று டாப்பெட்டை அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கிறது. முன்பு பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலந்திருந்தார்கள். அது வால்வு உட்காரும் இருக்கையின் மீது மெல்லிய பூச்சாகப் படிந்து தேய்மானத்தைக் குறைத்தது. ஈயம் நம் மூச்சுக்கும் குழந்தைகளின் மூளைக்கும் நஞ்சு என்பதால் 2000 பிப்ரவரி முதல் நாடு முழுவதும் ஈயமில்லாப் பெட்ரோலே விற்கப்படுகிறது. நல்ல காரியந்தான். எனினும் பழைய வார்ப்பிரும்பு ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வு தன் இருக்கையைத் தானே அரித்துக்கொண்டு உள்ளே இறங்குகிறது. இறங்க இறங்க டாப்பெட் இடைவெளி குறையும். முற்றும் அற்றுப்போனால் வால்வு சரியாக மூடாது. மூடாத வால்வு தன் சூட்டை ஹெட்டுக்குக் கடத்த முடியாமல் எரிந்துபோகும். டாப்பெட் சத்தம் போட்டால் அஞ்ச வேண்டாம். சத்தம் வழக்கத்துக்கு மாறாக அடங்கிப் போனால்தான் அஞ்ச வேண்டும். ஹெட்டை இறக்க நேர்ந்தால் கெட்டி இரும்பில் புதிய வால்வு இருக்கை பொருத்திக்கொள்வதே நிரந்தரத் தீர்வு.

பெட்ரோல் மறுபடியும் மாறியிருக்கிறது. 2025இல் நாடு முழுவதும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் வழக்கத்துக்கு வந்துவிட்டது. எத்தனால் நீரை ஈர்க்கும். பழைய ரப்பரை ஊறவைத்து உளுத்துப் போகச் செய்யும். தன்னுள் ஆக்சிஜன் கொண்டது என்பதால், பழைய ஜெட் அளவிலேயே விட்டால் கலவையில் பெட்ரோல் குறைந்து என்ஜின் சூடேறும். புதிய கார்களில் இதை உணர்ந்து திருத்தும் கருவி இருக்கிறது. நம் கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. எனவே முதல் வேலையாக டாங்கிலிருந்து கார்புரேட்டர் வரை உள்ள ரப்பர் ஓஸ்கள் அனைத்தையும் மாற்றி, இன்றைய இஞ்ஜெக்ஷன் வண்டிகளுக்கு உரிய ஓஸைப் போடுங்கள். பெட்ரோல் பம்பின் டயாஃப்ரத்தையும் புதிதாக்குங்கள். இதில் சிக்கனம் பார்ப்பவர்களை எனக்குப் புரிவதே இல்லை. ஓஸ் கசிந்து சொட்டுவது கொதிக்கும் மேனிஃபோல்டின் மேல் அல்லவா? அரை மீட்டர் ரப்பருக்காகக் காரையே கொளுத்திக்கொள்வதா? வாரத்துக்கு ஒருமுறையேனும் வண்டியை ஓட்டிப் பழைய பெட்ரோல் தேங்காமல் பார்த்துக்கொள்வதும் அவசியம்.

இதுவரை சொன்னவை தவறினால் பெரும்பாலும் வண்டி நின்றுபோகும், அவ்வளவுதான். இனிச் சொல்லப்போவது தவறினால் ஆளே போகலாம்.

ஹெரால்டின் முன் சக்கரம் ஒவ்வொன்றும் செங்குத்தான ஓர் இரும்புத் துண்டில் மாட்டப்பட்டுள்ளது. அதன் அடிமுனையில் திருகு மரை வெட்டியிருக்கும். அந்த மரை, டிரனியன் எனப்படும் செம்பு உலோகக் கலவைத் துண்டுக்குள் திருகி உட்கார்ந்திருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் போல்ட் நட்டுக்குள் சுற்றுவதுபோல் அந்த மரை டிரனியனுக்குள் சுற்றுகிறது. வண்டியின் முன்பாரத்தைத் தாங்கிக்கொண்டே சுற்றுகிறது. அந்த மரைக்குள் எப்போதும் எண்ணெய் நிறைந்திருக்க வேண்டும். கிரீஸ் அன்று, எண்ணெய். கியர் பெட்டிக்கு ஊற்றும் 90 எண் ஆயிலைத்தான் காரோடு வந்த கையேடு சொல்கிறது.

ஆனால் அந்த இடத்தில் மாட்டும் நிப்பிள் பார்ப்பதற்குக் கிரீஸ் நிப்பிள் போலவே இருக்கும். நிப்பிளைக் கண்டால் கிரீஸ் கன்னை எடுப்பது எந்தப் பட்டறைப் பையனுக்கும் இயல்பு. அடித்த கிரீஸ் மரையின் இடுக்குகளுக்குள் சரியாகப் பரவாது. நாளாவட்டத்தில் இறுகிக் கட்டியாகி, அடுத்து வரும் எண்ணெய்க்கும் வழியை அடைத்துவிடும். மழைநீர் உள்ளே போகும், துரு பிடிக்கும். டிரனியன் இறுகிவிட்டால் ஸ்டியரிங்கைத் திருப்பும் முறுக்கு முழுவதும் அந்தச் செங்குத்துத் துண்டின் மரைத் தொடக்கத்தில் போய்ச் சேருகிறது. உலோகச் சோர்வு என்று நாம் படிக்கிறோமே, அதுதான். ஒருநாள் அங்கே முறிந்து சக்கரம் உட்புறமாக மடங்கிக்கொள்ளும். மெதுவாகத் திரும்பும்போது மடங்கினால் மட்கார்டோடு போயிற்று. வண்டலூர் வெளிவட்டச் சாலையில் லாரிகளுக்கு நடுவே மடங்கினால் என்ன ஆகும் என்பதை எழுத எனக்கு விருப்பமில்லை.

எங்கள் வண்டியிலேயே இது நேர்ந்திருக்கும். தாத்தா காலமான பின் சில ஆண்டுகள் அது வெளிப் பட்டறையில் பார்க்கப்பட்டது. திரும்ப வீட்டுக்கு வந்ததும் பெரியப்பா ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "கை கனக்குதும்மா. வளைஞ்சு முடிச்சதும் தானா நேராகணும், இது ஆகல" என்றார். இடப்பக்க டிரனியனைக் கழற்றியபோது உள்ளே மஞ்சள் மெழுகு போல் இறுகிய பழைய கிரீஸ், மரையில் துரு. "இதை எண்ணெய்னு சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாம போச்சு" என்று மட்டும் சொன்னார். மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவி, மரையில் விரிசல் இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்த்தோம். வலப்பக்கத்தது தேறியது. இடப்பக்கத்துச் செங்குத்துத் துண்டை மாற்றினோம்.

நானே இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை எண்ணெய் அடிக்கிறேன். அதற்கென்றே ஒரு சிறிய கன்னைக் கழுவித் தனியாக வைத்து, "எண்ணெய் மட்டும்" என்று பெயின்டால் எழுதியிருக்கிறேன். சக்கரம் தரையைத் தொடாதபடி தூக்கி, ஸ்டியரிங்கை இரு பக்கமும் திருப்பிக்கொண்டே அடித்தால் எண்ணெய் மரை முழுதும் ஏறி மேலே கசியும். கசியும் வரை அடிக்க வேண்டும். பழைய ஹெரால்டோ கஸலோ வாங்க நினைக்கும் எவரும் பெயின்டைப் பார்ப்பதற்கு முன் இதைப் பார்க்க வேண்டும் என்பேன்.

பிரேக்கிலும் இதே கவனம் தேவை. நான்கு சக்கரத்துக்கும் ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே குழாய் வழி. ஒரு வீல் சிலிண்டரில் ரப்பர் கிழிந்தாலும் நான்கு பிரேக்கும் போய்விடும். மிஞ்சுவது ஹேண்ட் பிரேக் மட்டுமே. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. ஈரம் சேர்ந்தால் கொதிநிலை இறங்கி, தொடர்ந்து பிரேக் பிடிக்கும்போது உள்ளே ஆவி உண்டாகிப் பெடல் பஞ்சு போல் அமுங்கும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுதும் மாற்றிவிடுவது நல்லது. காற்றை எடுக்க இருவர் வேண்டும்: ஒருவர் பெடலை மிதிக்க, மற்றவர் தொலைவில் உள்ள சக்கரத்திலிருந்து தொடங்கி நிப்பிளைத் திறந்து மூட. எங்கள் வீட்டில் மிதிப்பது அம்மா. டிரம்மைக் கழற்றினால் உள்ளே உள்ள தூசியை வாயால் ஊதாதீர்கள். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

எங்கள் பகுதிக்கு வெள்ளமும் ஒரு பழுதுதான். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் கொரட்டூர், அம்பத்தூர், ஆவடி ஏரிகளை ஒட்டிய தெருக்கள் என்ன ஆயின என்பது நம் கல்லூரியில் பலருக்குச் சொந்த அனுபவம். 2023இல் எங்கள் வண்டியின் சக்கரத்தில் பாதி அளவுக்குத் தண்ணீர் நின்றது. அதற்கு மேலேறி என்ஜினுக்குள் போயிருந்தால் சாவியைத் தொடவே கூடாது. நீர் அமுங்காது; பிஸ்டன் அதை அமுக்கப் போய்க் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பிளக்குகளைக் கழற்றி என்ஜினைக் கையால் சுற்றி நீரை வெளியேற்றிய பிறகே மற்றவை. டிப் ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் முழுதும் வடித்துவிட வேண்டும். எங்களுக்கு என்ஜின் தப்பியது. ஆயினும் கியர் பெட்டி, டிஃபரென்ஷியல் இரண்டின் ஆயிலையும் மாற்றினோம். நான்கு டிரம்மையும் திறந்து காயவைத்தோம். டிரனியனில் புதிய எண்ணெய் அடித்துப் பழையதை வெளியேற்றினோம். முதலில் வெளியே வந்தது எண்ணெயன்று, சேற்று நீர்.

இவ்வளவும் செய்து என்ன பயன், சட்டம் விடுமா என்று கேட்பவர்கள் உண்டு. தில்லியில் உள்ளதுபோல் வயதை மட்டும் வைத்துப் பெட்ரோல் காரைத் தடுக்கும் கட்டுப்பாடு நம் மாநிலத்தில் இல்லை. 15 ஆண்டு கடந்த சொந்தக் காரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் காட்டித் தகுதி பார்த்துப் பதிவைப் புதுப்பிக்கலாம். கட்டணந்தான் ஏறிக்கொண்டே போகிறது. 600 ரூபாயாக இருந்தது 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில் 20 ஆண்டு கடந்த கார்களுக்கு 10,000 ஆயிற்று. 2021 ஜூலையில் இன்னொரு வழியும் வந்தது. 50 ஆண்டு கடந்து, பழைய வடிவம் மாறாமல் உள்ள வண்டியைத் தொன்மை வாகனமாகப் பதிவு செய்யலாம். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். எங்கள் வண்டிக்கு அந்தத் தகுதி உண்டு. ஆனால் அப்படிப் பதிந்தால் கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் பழுது பார்ப்பதற்கும் பெட்ரோல் போடுவதற்குமே சாலையில் இறக்கலாம். அன்றாடம் ஓட்ட முடியாது. அம்மாவைத் திருவேற்காடு கோவிலுக்கு அழைத்துப் போக உதவாத கார் எங்களுக்கு எதற்கு? சாதாரணப் பதிவிலேயே இருப்பதென்று வீட்டில் முடிவு செய்துவிட்டோம்.

அடுத்த புதுப்பிப்பு நெருங்குகிறது. ஹேண்ட் பிரேக் கேபிள் தளர்ந்திருக்கிறது. வலப்பக்க முன்விளக்கின் ரிஃப்ளெக்டர் மங்கிவிட்டது. ரிஃப்ளெக்டருக்காகப் புதுப்பேட்டையில் இரண்டு நடை நடந்தும் கிடைக்கவில்லை. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் இன்னும் தேடவில்லை. கேபிளுக்குப் பழையதை மாதிரியாகக் கொடுத்து அம்பத்தூரிலேயே செய்யச் சொல்லியிருக்கிறோம். தேர்வு முடிந்த மறுவாரம் இரண்டையும் மாட்ட வேண்டும்.